எலிக்குப் பிடித்த பக்கம்

டூலி சுவரை நக்கினான்.

சும்மா இல்லை, தொழில் ரீதியாகத்தான். பதினோரு வருஷம் கரையான் மருந்து அடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஓக்கசி கவுன்டியில் உள்ள அத்தனை பழைய வீடுகளின் அடிவயிற்றிலும் டார்ச் லைட்டோடு ஊர்ந்து திரிந்தவன். எந்த மரம் என்ன ருசி என்று கேட்டால் சொல்லுவான். இதுவரை யாரும் கேட்டதில்லை.

"என்ன ருசி?" என்று கேட்டாள் ஆர்டிஸ் மெக்லெண்டன்.

டூலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெகிழ்ச்சியால் அல்ல.

"மிளகாய், மிஸ் ஆர்டிஸ். நாக்கு எரியுது. இந்தச் சுவரை யாரோ மசாலா தடவி ஊற வச்சிருக்காங்க."

"மசாலா இல்ல, பசை. மாவுப் பசையில மிளகாய்த்தூள் கலந்து ஒட்டியிருக்காங்க. எலி பேப்பரைத் தின்னக்கூடாதுன்னு. இப்ப அந்தப் பக்கத்தை நக்கு."

"காலையில அஞ்சு பிஸ்கட் சாப்பிட்டுட்டு வந்திருக்கேன். அதுக்கு மேல பத்திரிகை வேறயா?"

"நக்கு டூலி. ரெண்டு மணிக்குக் கோர்ட்."

மணி அப்போது காலை பத்து. பகல் இரண்டு மணிக்குள் ஆர்டிஸ் எதையாவது கண்டுபிடிக்காவிட்டால், இந்த வீடும் இதைச் சுற்றியுள்ள நாற்பது ஏக்கரும் ஓர்லீன் காட்ஸ்டனின் கையை விட்டுப் போய்விடும். ஓர்லீனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பிறந்ததிலிருந்து இதே வீடு. இரண்டு பெரிய அறைகள், நடுவே காற்று ஓடுவதற்கென்று திறந்துவிட்ட நடை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. அந்த நடையில்தான் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

ஆர்டிஸ் பத்தொன்பது வருஷம் கவுன்டி பத்திர அறையில் உட்கார்ந்து நிலப் பத்திரங்களைப் பிரதி எடுத்தவள். ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுதிய பொய்கள் போதும், இனிமேல் அவற்றைக் கண்டுபிடித்துப் பிழைக்கலாம் என்று வெளியே வந்து துப்பறிவாளர் பலகையை மாட்டிவிட்டாள். உதவிக்கு டூலியைச் சேர்த்துக்கொண்டாள். அவன் தன்னைத் துணைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்வான். ஆர்டிஸ் அவனைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்வதில்லை.

அறையின் நான்கு சுவரும் பத்திரிகைத் தாள். பலகை இடுக்கில் குளிர்காற்று புகாமல் இருக்க அந்தக் காலத்தில் ஒட்டியது. பேய்க்காகவும்தான். சுவரில் எழுத்து இருந்தால், உள்ளே வரும் பேய் ஒரு சொல் விடாமல் படித்து முடித்த பிறகுதான் யார் கழுத்தையும் நெரிக்க முடியும் என்பது அந்த ஊர்ப்பக்கத்து நம்பிக்கை. அதற்குள் விடிந்துவிடும். ஆகவே வீட்டுக்காரர்கள் தலைமுறைக்கு ஒரு தடவை மேலே மேலே ஒட்டிக்கொண்டே போனார்கள். தாள் நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. படிக்கப்போவது பேய்தானே.

பிரச்சினை ஒரே ஒரு பக்கத்தில் இருந்தது. அலமாரியை நகர்த்தியபோது தெரிந்த வெறும் பலகையில் ஒட்டியிருந்தது. சவானா நகரத்துப் பழைய பத்திரிகை. தேதி 1858.

டூலி அதையும் நக்கினான். யோசித்தான். மறுபடி நக்கினான்.

"புதினா," என்றான்.

"ம்," என்றாள் ஆர்டிஸ்.

"அவ்வளவுதானா? ஒரு மனுஷன் நாக்கைப் பணயம் வச்சிருக்கான். 'ம்'மா?"

"ஓரத்தைப் பாரு."

1858 பக்கத்தின் கீழ் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பற்களால் அரிக்கப்பட்டிருந்தது. சுற்றியுள்ள மற்ற பக்கங்களில் ஒரு கடி இல்லை.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நடையில் ஓர்லீன் நின்றுவிட்டாள்.

"வந்துட்டார்," என்றாள் மெதுவாக.

வந்தவர் ஹாய்ட் பிக்கர்ட். கவுன்டி வரலாற்றுக் கழகத்தின் தலைவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைமுடி, கையில் துணியால் மூடிய தட்டு. சாவு வீட்டுக்கு எடுத்துப் போவதைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"என் மனைவி பிகான் கொட்டை போட்டு இனிப்புப் பை சுட்டுக் குடுத்தா ஓர்லீன். வீடு காலி பண்ணும்போது சமைக்க நேரம் இருக்காதுன்னு."

"கோர்ட் இன்னும் சொல்லலையே மிஸ்டர் பிக்கர்ட்."

"சொல்லிடும். நானே சொல்லிட்டேனே." பிக்கர்ட் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆர்டிஸ்! இன்னும் சுவரோட பேசிக்கிட்டுத்தான் பிழைக்கிறியா?"

"மனுஷங்களைவிடச் சுவர் கொஞ்சம் ஒழுங்காப் பதில் சொல்லுதுங்க மிஸ்டர் பிக்கர்ட்."

"அப்ப என்ன சொல்லுது?"

"இதுவரைக்கும் மிளகாய், புதினா," என்றான் டூலி. தட்டை வாங்கித் துணியை விலக்கினான். துக்கம் விசாரிக்க வந்த பையாக இருந்தாலும் பை பைதான் என்பது அவன் கொள்கை.

பிக்கர்ட் அவனைப் பொருட்படுத்தவில்லை. 1858 பக்கத்தின் முன்னால் போய், தேவாலயத்தில் நிற்பதைப் போல நின்றார்.

"போருக்கு முன்னாடி," என்றார். "எங்க வம்சத்துக் கர்னல் அப்சலோம் பிக்கர்ட் கட்டின வீடு. இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஓர்லீன் எங்க கழகத்துக் கமிட்டியைக் கூப்பிட்டு அலமாரியை நகர்த்திக் காட்டினப்பதான் தெரிஞ்சுது. வேலைக்காரங்களைக் குடியிருக்க விட்டிருக்கோம், அவ்வளவுதான். வித்ததா எங்கேயாவது எழுத்து இருக்கா? கொண்டு வரச் சொல்லு."

எழுத்து இல்லை. கவுன்டியின் பத்திரப் பதிவேடுகள் 1921இல் கோர்ட்டோடு சேர்ந்து எரிந்துபோயின. ஓர்லீனின் கொள்ளுத் தாத்தா ஏசா காட்ஸ்டன் 1889இல் வெறும் நிலம் வாங்கி, தானே மரம் வெட்டிக் கட்டிய வீடு என்பது காட்ஸ்டன் குடும்பத்தின் வாய்மொழி. ஆனால் சுவர் 1858 என்கிறது. 1858இல் காட்ஸ்டன்கள் எந்த நிலமும் வாங்கியிருக்க முடியாது. அந்த வருஷம் அவர்களே அடிமைகளாகப் பிக்கர்ட்டின் சொத்துப் பட்டியலில், கோவேறு கழுதைகளுக்கு அடுத்த வரியில் இருந்தார்கள்.

"ரெண்டு மணிக்குப் பார்க்கலாம்," என்று பிக்கர்ட் தொப்பியைத் தொட்டுக்கொண்டார். "தட்டை அவசரமாத் திருப்பித் தர வேண்டாம். நானே வந்து எடுத்துக்கறேன். எப்படியும் வரப்போறேனே."

கார் போனது. டூலி வாய் நிறையப் பையோடு திரும்பினான்.

"அந்த ஆளுதான் மிஸ் ஆர்டிஸ். ஒட்டினது அவர்தான். சந்தேகமே வேண்டாம். பை மட்டும் பிரமாதம்."

"ஏன் அவர்தான்?"

"இந்த வீட்டுக்காரங்க ஒட்டியிருந்தா மிளகாய் இருக்கும். மிளகாய் இல்லாததாலதான் எலி தின்னுது. நூத்திச் சொச்சம் வருஷமா இந்தப் பக்கம் இங்க இருந்திருந்தா எலி எப்பவோ முடிச்சிருக்கும். இப்பதான் ஓரத்துல ஆரம்பிச்சிருக்குன்னா, ஒட்டி ரெண்டு மாசம்கூட இருக்காது. எலி பசிச்ச பிராணி. அலமாரிக்குப் பின்னாடி இருக்கிற சாப்பாட்டை மூணு தலைமுறைக்குத் தள்ளிப் போடாது."

"சரி. அப்புறம்?"

"அப்புறம், சுவர்ல இருக்கிற எல்லாப் பக்கமும் கோணல்மாணல். இது ஒண்ணுதான் நேரா, கண்ணு மட்டத்துல, தேதி மேல வர மாதிரி ஒட்டியிருக்கு. பேய்க்கு ஒட்டினதில்ல. கமிட்டிக்கு ஒட்டினது. லாபம் யாருக்கு? பிக்கர்ட்டுக்கு."

ஆர்டிஸ் தலையாட்டினாள். டூலி தன் வாழ்நாளில் இவ்வளவு நீளமாகச் சரியாகப் பேசியதில்லை. கடைசி வரி வரைக்கும்.

"பிக்கர்ட் அலமாரிக்குப் பின்னாடி எப்படி வந்தார்?"

"ஜன்னல் வழியா?"

"அவருக்கு எழுபத்தொண்ணு. படி ஏறவே மூச்சு வாங்குச்சு. புதினா எங்கேருந்து வந்துச்சு?"

டூலி யோசித்தான். "பல் தேய்ச்சிட்டு ஒட்டியிருப்பாரோ?"

"ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குக் குடுப்பாங்களே வெள்ளைப் பசை, டப்பாவில. அதுக்கு என்ன வாசனை?"

டூலியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. சின்ன வயதில் அந்தப் பசையை அவன் நிறையத் தின்றிருக்கிறான். புதினா வாசனைக்காகத்தான்.

இருவரும் நடையைப் பார்த்தார்கள். ஓர்லீன் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கைப் பிசைதல் நின்றிருந்தது.

"உட்காரு ஓர்லீன்," என்றாள் ஆர்டிஸ்.

"நிக்கறேன் மிஸ் ஆர்டிஸ். நிலம் எனக்குன்னு ஆனப்புறம் உட்கார்றேன்."

"எப்ப ஒட்டினே?"

"ஜனவரி. கடைசி ஞாயித்துக்கிழமை."

டூலி பைத் துண்டைக் கீழே வைத்தான். இதுதான் இந்த வழக்கின் மிகப் பெரிய அதிர்ச்சி என்பதற்கு அதுவே அத்தாட்சி.

"ஏம்மா? உன் சொத்துக்கு நீயே குழி தோண்டுவியா?"

"ரோடு வருது," என்றாள் ஓர்லீன். "நெடுஞ்சாலையை அகலப்படுத்தறாங்க. என் முன்னறை வழியாத்தான் கோடு போட்டிருக்காங்க. போருக்கு முந்தின வீடுன்னு கமிட்டி எழுதிக் குடுத்தா ரோட்டை வளைச்சுப் போடுவாங்களாம். கிழக்கே டார்சியோட களஞ்சியத்துக்கு அப்படித்தான் வளைச்சாங்க. அந்தக் களஞ்சியத்தை எங்க அப்பாவே கட்டினார் மிஸ் ஆர்டிஸ். நான் ஆணி எடுத்துக் குடுத்தேன். அதுவும் போருக்கு முன்னாடியாம்!"

அதில் பொய்யில்லை. ஓக்கசி கவுன்டியில் எந்தப் பழைய கட்டடத்தையும் போருக்குப் பிறகு யாரும் கட்டியதே இல்லை. போர் என்றால் ஒரே போர்தான், அடிமை முறைக்காக வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர். 1865இல் முடிந்தது, தோற்றவர்களுக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. 1912இல் கட்டிய பாதிரியார் பங்களாவையும் போருக்கு முந்தையது என்பார்கள். எந்தப் போர் என்று கேட்பது மரியாதை இல்லை. ஊரே வீட்டுக்கு வயசைக் கூட்டிச் சொல்லும்போது ஓர்லீனும் முப்பது வருஷம் கூட்டிக்கொண்டாள். போருக்கு முன்னால் என்று சொன்னால் அது யாருடைய வீடாக ஆகும் என்பது மட்டும் கமிட்டி கைதட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"சந்தையில கெடச்ச பழைய பேப்பர். தேதியைத்தான் பார்த்தேன்," என்றாள். "ஒட்டும்போது சந்தோஷமா இருந்துச்சு."

"அப்ப எங்களை எதுக்குக் கூப்பிட்டே?"

"அந்தப் பக்கம் பொய்யுன்னு நீங்களாக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா நான் வாயைத் திறக்க வேண்டியதில்லையே."

"பழி பிக்கர்ட் மேல விழுந்திருக்கும்."

"விழுந்திருந்தா நான் ஓடிப்போய்த் தூக்கி விட்டிருக்க மாட்டேன்," என்றாள் ஓர்லீன். பிறகு குரல் இறங்கியது. "என்னை உள்ள போட்டுருவாங்களா மிஸ் ஆர்டிஸ்?"

"உன் வீட்டுச் சுவர்ல நீ எதை வேணும்னாலும் ஒட்டலாம். அதை மெய்யுன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணினாத்தான் குத்தம். அதுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு." ஆர்டிஸ் எழுந்தாள். "பொய்யை எடுத்தா மட்டும் போதாது. மெய்யை வைக்கணும். பதிவேடு எரிஞ்சாலும், நிலம் வாங்கினவன் கையில மூலப் பத்திரம் ஒண்ணு இருந்திருக்கும். ஏசா அதை என்ன பண்ணினார்?"

"தரையைத் தோண்டியாச்சு. புகைபோக்கிச் செங்கல்லை ஒவ்வொண்ணாத் தட்டியாச்சு. பைபிளைப் பக்கம் பக்கமா உதறியாச்சு. அப்பா மட்டும் ஒண்ணு சொல்லுவார், பத்திரம் வீட்டை விட்டுப் போகலைன்னு. அவருக்கும் எங்கேன்னு தெரியாது."

"அப்பா இந்த வீட்டைப் பத்தி வேற எதுக்காவது கண்டிப்பா இருந்தாரா?"

ஓர்லீன் யோசித்தாள். "கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பிய்க்க விட மாட்டார். மேல ஒட்டு, எவ்வளவு வேணும்னாலும் ஒட்டு, ஆனா பிய்க்காதேம்பார். அவங்க தாத்தா போட்ட சட்டமாம். பேய் முதல்ல வர்றது அந்த வழியாத்தானே."

ஆர்டிஸ் கதவுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். விதைக் கடையின் பட்டியல் ஒன்று, தக்காளிப் படத்தோடு தலைகீழாக ஒட்டியிருந்தது.

"டூலி. அடுப்புல தண்ணி வை."

"டீயா?"

"ஆவி."

கெண்டியின் ஆவியைக் காட்டிக் காட்டி, டூலி தாள்களை வெங்காயம் உரிப்பதைப் போல உரித்தான். விதைப் பட்டியல். அதற்கடியில் உழவர் வாரப்பத்திரிகை. அதற்கடியில் ஒரு கடையின் சீமாட்டிகள் உள்பாவாடை விளம்பரம். டூலி அதில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். ஆறாவது அடுக்கில் அச்சு எழுத்து நின்றுபோய் மசி எழுத்து வந்தது. மிளகாய் நெடியில் மூவரும் தும்மினார்கள்.

பழுப்புத் தாள். சாய்ந்த கையெழுத்து. ஆர்டிஸ் தொடாமல் படித்தாள். பத்தொன்பது வருஷப் பழக்கம், குரல் தானாகவே பத்திரக் குரலாகிவிட்டது.

"'1889 மார்ச் நாலாம் தேதி... வீடோ கொட்டகையோ வேறெந்தக் கட்டடமோ இல்லாத வெறும் நிலம் நாற்பது ஏக்கரை... ஏசா காட்ஸ்டனுக்கும் அவன் வாரிசுகளுக்கும் என்றென்றைக்குமாக விற்றேன். இப்படிக்கு, அப்சலோம் பிக்கர்ட்.'"

ஓர்லீன் ஏசாவின் பெயருக்கு நேராக விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

"இதையா பேய்க்குப் படிக்கக் குடுத்தார்?" என்றான் டூலி.

"பேய்க்கு இல்ல," என்றாள் ஆர்டிஸ். "அந்தக் காலத்துல ஆளுங்க குதிரையில வந்து, கறுப்பனோட பெட்டியை உடைச்சுப் பத்திரத்தைப் பறிச்சுக்கிட்டுப் போவாங்க. சுவரைப் பறிச்சுக்கிட்டுப் போக முடியாதே. டூலி, ரம்பம் எடு. பேப்பரைக் கழட்ட வேண்டாம், பலகையோட அறு. அந்த 1858ஐயும் பலகையோட அறு."

"அதுவுமா?" ஓர்லீன் திரும்பினாள். "அதை இப்படியே கிழிச்சு அடுப்புல போட்டுட்டா..."

"கமிட்டி ஒன்பது பேர் பார்த்திருக்காங்க. ஒரே வீட்டுச் சுவர்ல ரெண்டு பேப்பர். ஒண்ணு 'வீடு இருந்துச்சு'ங்குது. இன்னொண்ணு 'வீடே இல்ல'ங்குது. ரெண்டுல ஒண்ணு பொய்யுன்னு நீயே சொன்னாத்தான் இன்னொண்ணு நிக்கும்."

"சொன்னா வீடு போருக்குப் பிந்தினதா ஆயிடும். ரோடு என் முன்னறைக்குள்ள வந்துரும்."

"வரும்."

ஓர்லீன் அந்த அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு பஸ் சாவி மாட்டியிருந்த ஆணியிலிருந்து தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கோர்ட்டில் மின்விசிறி மட்டும் சுறுசுறுப்பாக இருந்தது. நீதிபதி டெல்பர்ட் கோகின்ஸ் இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார். சாட்சி சொல்ல வருபவர்கள் பொதுவாகச் சுவரை அறுத்துக் கொண்டுவருவதில்லை.

"அந்த 1858 பக்கத்தை நான்தான் ஒட்டினேன் ஐயா," என்றாள் ஓர்லீன். "ஸ்கூல் பசையில. ஜனவரியில."

பின்வரிசையில் வரலாற்றுக் கழகத்தின் ஒன்பது பேரும் ஒன்பது விதமாக வேறெங்கோ பார்த்தார்கள். அவர்களில் நான்கு பேருடைய வீடுகள் போருக்கு முந்தையவை.

பிக்கர்ட்டின் வக்கீல் துள்ளி எழுந்தார். இளைஞர், அட்லாண்டாவிலிருந்து வந்தவர்.

"ஒத்துக்கிட்டாங்க ஐயா! ஒண்ணை ஒட்டத் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு ஒட்டத் தெரியாதா? இந்தப் பத்திரமும் போலி. கையெழுத்தும் போலி. யாரோ உட்கார்ந்து கிறுக்கின கிறுக்கல்!"

டூலி ஆர்டிஸின் காதில் சொன்னான், "மிளகாயைப் பத்தி எடுத்து விடுங்க மிஸ் ஆர்டிஸ். எலியைக் கூப்பிடுங்க."

"பொறு," என்றாள் ஆர்டிஸ். அவள் வக்கீலைப் பார்க்கவில்லை. பிக்கர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாய்ட் பிக்கர்ட்டின் காது மடல் சிவந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்னே?" என்றார் தன் வக்கீலிடம்.

"போலின்னு சொன்னேன் சார். நமக்குச் சாதகமாத்தான்..."

"கிறுக்கல்னு சொன்னே." பிக்கர்ட் எழுந்துவிட்டார். "அந்த 'P'யைப் பார்த்தியா? அந்தச் சுழியைப் பார்த்தியா? வலது தோள்ல குண்டு பாய்ஞ்ச பிறகு கர்னல் அப்படித்தான் போடுவார். கழகத்துச் சான்றிதழ் ஒவ்வொண்ணுலயும் அதைத்தான் அச்சடிக்கிறோம். நாற்பது வருஷமா அந்தக் கையெழுத்தை நான் படிச்சிருக்கேன். இந்த மாநிலத்துல ஒருத்தனாலயும் அதைக் கிறுக்க முடியாது!"

"சார், உட்காருங்க..."

"கர்னல் கையெழுத்துதான் அது! பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவ போட்டதுன்னு சொல்ல விட்டுட்டு நான் சும்மா இருக்கணுமா?"

மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது. நீதிபதி கோகின்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ்டர் பிக்கர்ட், கர்னல் இந்த நிலத்தை வித்துட்டார்னு சத்தியப் பிரமாணத்துல சொல்றீங்களா?"

பிக்கர்ட் வாயைத் திறந்தார். தன் வக்கீலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அந்தச் சுழியின் மேல் கண் போய் நின்றது.

"பிக்கர்ட்டுங்க எழுதிக் குடுத்ததை இல்லைன்னு சொல்ற வழக்கம் கிடையாது," என்றார், மிகவும் சிரமப்பட்டு.

இருபது நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. நாற்பது ஏக்கர் ஓர்லீன் காட்ஸ்டனுக்கு. அடுத்த ஐந்து நிமிஷத்தில் கமிட்டி கூடி, வீட்டுக்குக் கொடுத்த சான்றிதழைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதில் அச்சடித்திருந்த கையெழுத்தை அப்போது யாரும் பார்க்க விரும்பவில்லை.

வெளியே படிக்கட்டில் ஓர்லீன் உட்கார்ந்தாள்.

"ரோட்டு ஆளுங்க எப்ப வருவாங்க?"

"ஜூன்ல," என்றாள் ஆர்டிஸ். "முன்னறையோட நஷ்டஈட்டுக்கு நான் எழுதிப் போடறேன்."

"டூலி, நீ என் வீட்டுக்கு அடியில படுத்துப் பார்த்தியே. எப்படி இருக்கு?"

"உத்தரம் எல்லாம் கல்லு மாதிரி இருக்கும்மா. கரையானே வெறுத்துப் போய்த் திரும்பியிருக்கு. ஏசா ஆளு சாமானியப்பட்டவர் இல்ல."

"தூக்கி உருளையில வச்சு நகர்த்தினா தாங்குமா?"

டூலி அவளைப் பார்த்தான். வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன் விட்டுவிட்டான்.

"தாங்கும். புகைபோக்கி மட்டும் கூட வராது. அதைப் புதுசாக் கட்டணும். மத்தபடி முழுசா வரும்."

"எவ்வளவு தூரம்?"

"உன் நிலம் எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம்."

ஓர்லீன் காலணிக் குதியால் படிக்கட்டுக்குக் கீழே மண்ணில் ஒரு நீளக் கோடு போட்டாள். அதிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு சதுரம் போட்டாள்.

"இது ரோடு. இது வீடு. ஓடையைத் தாண்டி மேட்டுல வைக்கப்போறேன்."

ஆர்டிஸ் குனிந்து பார்த்தாள். "வாசல் எந்தப் பக்கம்?"

ஓர்லீன் சதுரத்தின் மறுபக்கத்தில், கோட்டுக்கு எதிர்த் திசையைப் பார்க்கும்படி, குதியை அழுத்தி ஒரு கதவு போட்டாள்.

"அவங்க ரோட்டுக்கு முதுகைக் காட்டி," என்றாள்.